1947: நான்கு ராமசாமிகள்

1947 ஜூலை 25, வெள்ளிக்கிழமை இரவு. திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் நடந்த விழாவிலிருந்து திருவிதாங்கூர் திவான் புறப்படுகிறார். திடீரென்று விளக்குகள் அணைகின்றன. இருட்டில் பாய்ந்து வந்த ஓர் இளைஞரின் வெட்டு திவானின் முகத்தில் விழுகிறது. உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் அவர் கட்டியெழுப்ப நினைத்த தனி நாடு பிழைக்கவில்லை. சமரசப் பாதைக்குத் திரும்பும்படி மகாராஜாவுக்கு அவரே ஆலோசனை சொன்னார். சில நாட்களில் இந்திய ஒன்றியத்தில் சேர திருவிதாங்கூர் சம்மதித்தது. அந்தத் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர்.

அதே ஜூலை மாதம் சென்னை ஜார்ஜ் கோட்டையில், மதராஸ் மாகாணத்தின் பிரதமராக ஒரு விவசாயி உட்கார்ந்திருந்தார். முதலமைச்சர் பதவிக்கு அப்போது அதுதான் பெயர். பதவியேற்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார். மைசூர் சமஸ்தானத்தின் திவானாக இருந்தவர், ஐக்கிய நாடுகள் சபையின் பொருளாதார சமூக மன்றத்துக்கு முதல் தலைவராகி உலக மேடையில் பெயர் பெற்றிருந்த ஆற்காடு ராமசாமி முதலியார். வரப்போகும் ஆகஸ்ட் 15 கொண்டாட்ட நாள் அல்ல, துக்க நாள் என்று அறிவித்துக் கருஞ்சட்டைத் தொண்டர்களோடு ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தவர் ஈ.வெ. ராமசாமி.

இந்தியா விடுதலை பெறும் நேரத்தில், தெற்கின் அரசியல் இந்த நான்கு பேரைச் சுற்றிச் சுழன்றது. நால்வருக்கும் ஒரே பெயர். பிறந்த சாதி வேறு, கட்சி வேறு, கண்ட கனவு வேறு. ஆனால் இவர்களில் ஒருவரைத் தனியாக எடுத்து வைத்தால் மற்ற மூவரின் கதையும் அரைகுறையாகவே நிற்கும்.

மறைந்துபோன பெயர்

ராமசாமி என்பது சாதி பார்க்காத பெயர். ஐயர் வீட்டிலும் நாயக்கர் வீட்டிலும் ரெட்டியார் வீட்டிலும் முதலியார் வீட்டிலும் பாட்டனிடமிருந்து பேரனுக்கு வந்துகொண்டே இருந்த பெயர். ஆள் யார் என்று சொன்னது அதன் பின்னால் ஒட்டியிருந்த சாதிப்பட்டம்தான். அந்த வாலை வெட்டச் சொன்னது 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு. அதை நடத்திக் காட்டியவரும் ஒரு ராமசாமிதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நால்வரில் ஒருவரைக்கூட மக்கள் ராமசாமி என்று அழைக்கவில்லை. 1938-ல் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு சூட்டிய பட்டத்தால் ஒருவர் பெரியார் ஆனார். இன்னொருவர் பிறந்த ஊரின் பெயரால் ஓமந்தூரார் ஆனார். மூன்றாமவர் இரண்டு எழுத்தில் சி.பி. ஆனார். நான்காமவரை ஆற்காட்டார் என்றார்கள். ஒரே பெயரில் இத்தனை பேர் நிமிர்ந்து நின்றபோது, அந்தப் பெயரையே ஒதுக்கிவிட்டு ஆளை அடையாளம் கண்டுகொண்டது தமிழகம்.

பட்டியல் நால்வரோடு முடிவதில்லை. பூணூலைக் கழற்றிப் போட்டு 'மணிக்கொடி'யை நடத்திய வ.ரா.வும் ராமசாமிதான். பின்னாளில் 'ஒரு புளியமரத்தின் கதை' எழுதிய சுந்தர ராமசாமி, 1947-ல் சி.பி.யின் ஆட்சிக்கு உட்பட்ட நாகர்கோவிலில் பதினாறு வயதுப் பையன். 'துக்ளக்' சோவும் இதே பெயர்க்காரர். ஆனால் 1947-ஐத் தங்கள் கையால் செதுக்கியவர்கள் அந்த நால்வர்தான். அவர்களிடமே நிற்போம்.

ஒரே ஆண்டில் பிறந்த இருவர்

பெரியாரும் சி.பி.யும் 1879-ல் பிறந்தவர்கள். இருவருக்கும் இடையே இரண்டு மாதம்கூட இல்லை. ஈரோட்டில் வணிகர் வெங்கடப்ப நாயக்கரின் மகனாக செப்டம்பர் 17-ல் ஒருவர் பிறந்தார். வந்தவாசியில் நீதித்துறைக் குடும்பமொன்றில் நவம்பர் 12-ல் மற்றவர் பிறந்தார். ஒருவருக்குப் பள்ளிப்படிப்பு சில ஆண்டுகளோடு முடிந்தது. மண்டிக்கடையில் வளர்ந்து, ஈரோடு நகரசபைத் தலைவராகி, 1919-ல் காங்கிரசில் சேர்ந்தார். மற்றவர் மாநிலக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் முன்னணி வழக்கறிஞரானார்.

சி.பி.யின் திறமை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு வழக்கைச் சொன்னால் போதும். ஜே. கிருஷ்ணமூர்த்தியின் தந்தை தன் மகன்களைத் திரும்பக் கேட்டு அன்னி பெசன்ட் மீது வழக்குத் தொடர்ந்தபோது, தந்தைக்காக வாதாடியவர் சி.பி. உயர்நீதிமன்றத்தில் பெசன்ட் தோற்றார். அதே பெசன்ட் அம்மையாரின் ஹோம்ரூல் இயக்கத்தில் சில ஆண்டுகளில் சி.பி. முன்னணித் தளபதியானார். எதிர்த்து வாதாடியவரையே தளபதியாக ஏற்றுக்கொண்டது பெசன்ட் அம்மையாரின் பெருந்தன்மை. தான் தோற்கடித்தவரிடமே போய்ச் சேர்ந்த சி.பி.யின் துணிச்சலையும் குறைத்துச் சொல்ல முடியாது.

பிறகு அரசு வக்கீல்களின் தலைமைப் பொறுப்பு, 1923 முதல் 1928 வரை மதராஸ் ஆளுநரின் நிர்வாக சபையில் சட்ட உறுப்பினர் பதவி. மேட்டூர் அணையும் பைகாரா நீர்மின் திட்டமும் வடிவம் பெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. காவிரிப் பாசனத்தையும் நீலகிரி மின்சாரத்தையும் பேசும்போது சி.பி.யின் பெயர் இப்போது யாருக்கும் நினைவு வருவதில்லை. 1947-ல் அவர் எடுத்த முடிவு, முன்னே செய்த எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

வைக்கத்திலிருந்து கோயில் கதவு வரை

இரண்டு ராமசாமிகளின் பாதையும் ஒரே மண்ணில் குறுக்கிட்டது. வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1924-ல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முன்னணித் தலைவர்கள் சிறைக்குப் போனதும் அழைப்பு ஈரோட்டுக்கு வந்தது. தமிழ்நாடு காங்கிரசின் பெருந்தலைவரான ஈ.வெ.ரா. வைக்கம் போனார். இருமுறை சிறைப்பட்டார், இரண்டாவது முறை கடுங்காவல் தண்டனை. அவர் மனைவி நாகம்மையும் அங்கே போராட்டத்தில் நின்றார். 1925 இறுதியில் மூன்று தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை. கோயிலுக்குள் நுழைவது பற்றிப் பேச்சே எழவில்லை.

சத்தியாக்கிரகம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12-ல், திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தை வெளியிட்டார். சமஸ்தானத்தின் கட்டுப்பாட்டிலிருந்த கோயில்களில் இந்துக்கள் யார் வேண்டுமானாலும் நுழையலாம், வழிபடலாம். அப்போது திவானாகப் பொறுப்பேற்று ஒரு மாதமே ஆகியிருந்தவர் சி.பி. அதற்கு முன்பே பல ஆண்டுகள் மகாராஜாவுக்கு சட்ட ஆலோசகராக இருந்தவர் என்பதால், பிரகடனத்துக்குப் பின்னாலிருந்த மூளை அவருடையது என்று பலரும் கருதுகிறார்கள். வேறு மதத்துக்குப் போய்விடுவோம் என்று ஈழவத் தலைவர்கள் பகிரங்கமாகப் பேசத் தொடங்கியிருந்ததும் அரசை அசைத்தது. நாராயண குருவின் இயக்கமும் வைக்கம் போராட்டமும் அதற்குள் மண்ணைப் பண்படுத்தியிருந்தன. அடுத்த ஜனவரியில் காந்தியே திருவிதாங்கூர் வந்து, திறந்த கோயில்களுக்கு மக்களோடு போனார்.

பெரியார் தெருவுக்காகச் சிறை போனார். கோயில் அவருக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத இடத்துக்குப் போகும் உரிமையைப் பிறருக்காகக் கேட்டவர் அவர். சி.பி. கோயிலை நம்பியவர். அந்தக் கோயில் நிலைக்க வேண்டுமானால் கதவைத் திறந்தே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டவர். இருவரும் ஒரே கதவில் கை வைத்தார்கள் என்று நான் எழுதினால் இரு தரப்பு அன்பர்களும் வருத்தப்படக்கூடும். ஆனாலும் நடந்தது அதுதான்.

சேர மாட்டோம் என்ற இருவர்

1947 கோடையில் இந்த இருவரும் மீண்டும் ஒரே கோட்டில் நின்றார்கள். அது கசப்பான ஒற்றுமை. பிரிட்டிஷார் வெளியேறியதும் திருவிதாங்கூர் சுதந்திர நாடாக இருக்கும் என்று ஜூன் மாதம் சி.பி. அறிவித்தார். நீளமான கடற்கரை, துறைமுகம், ஏலம், மிளகு, ரப்பர், தோரியம் கலந்த மோனசைட் மணல், பள்ளிவாசல் நீர்மின்சாரம், ஆலுவாயில் உரத் தொழிற்சாலை என்று தனித்து நிற்கும் வலிமை தன் நாட்டுக்கு உண்டென்று அவர் நம்பினார். ஜின்னா அதை வரவேற்றார். பாகிஸ்தானுக்குத் திருவிதாங்கூரின் பிரதிநிதி ஒருவரை அனுப்பவும் ஏற்பாடானது.

பெரியாரும் இந்திய ஒன்றியம் வேண்டாம் என்றார். 1944 ஆகஸ்டில் சேலத்தில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றிய பிறகு அவருடைய கோரிக்கை திராவிட நாடு. 1947 ஜூலை முதல் நாளைப் பிரிவினை நாளாக நடத்தினார். வெள்ளைக்காரன் கையிலிருந்து வடநாட்டு முதலாளிக்கும் பார்ப்பன ஆதிக்கத்துக்கும் அதிகாரம் மாறுகிறதே தவிர உழைக்கும் தமிழனுக்கு இதில் என்ன வந்தது என்பது அவர் கேள்வி. அண்ணா இதை ஏற்கவில்லை. வெள்ளையர் வெளியேறும் நாள் மகிழ்ச்சிக்குரிய நாளே என்று 'திராவிட நாடு' இதழில் வெளிப்படையாக எழுதினார். இரண்டு ஆண்டுகளில் தி.மு.க. பிறந்ததற்குப் பின்னாலிருந்த விரிசல்களில் இதுவும் ஒன்று.

ஒருவர் மகாராஜாவின் கிரீடத்துக்காகப் பிரிவினை கேட்டார். மற்றவர் பிறப்பால் தாழ்த்தப்பட்டவனுக்காகக் கேட்டார். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அநியாயம். சி.பி. தனி நாடு கேட்ட நேரத்தில் அவர் ஆட்சியின் கைகளில் ரத்தம் காயவில்லை. 1946 அக்டோபரில் ஆலப்புழைப் பக்கம் புன்னப்புராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கிளர்ந்தெழுந்தபோது, இராணுவச் சட்டத்தை அறிவித்து சமஸ்தானப் படை சுட்டது. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில். திவானைச் சட்டசபை அசைக்க முடியாதபடி அவர் கொண்டுவர நினைத்த அமெரிக்க பாணி அரசமைப்பை அரபிக்கடலில் எறியச் சொல்லித்தான் அந்த மக்கள் முழங்கினார்கள். பாலமும் அணையும் பல்கலைக்கழகமும் கட்டியவர், 1944-லேயே மரண தண்டனையை எடுத்துவிட்ட ஆட்சியை நடத்தியவர், குடிமக்களின் குரலைக் கேட்க வேண்டிய இடத்தில் காதை மூடிக்கொண்டார். சி.பி.யை மன்னிக்க முடியாத இடம் இது. ஆகஸ்டில் பதவி விலகித் திருவிதாங்கூரை விட்டு வெளியேறினார்.

ஆற்காட்டார்: லண்டனிலிருந்து மைசூர் வரை

மூன்றாவது ராமசாமி 1887-ல் கர்னூலில் இரட்டையரில் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்தவருக்கு வீட்டார் இலட்சுமணசாமி என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் தம்பி பெயர் இதைவிடப் பொருத்தமாக அமையாது. இலட்சுமணசாமி முதலியார் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவர், கால் நூற்றாண்டுக்கு மேல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர்.

ராமசாமி முதலியார் நீதிக்கட்சியின் நாவன்மைக்கு அடையாளம். 1919-ல் சட்டசபைகளில் பிராமணரல்லாதாருக்கு இடம் உறுதி செய்யக் கோரி லண்டனில் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொல்லப் போன தூதுக்குழுவில் முப்பத்திரண்டு வயதுகூட நிரம்பாத அவரும் இருந்தார். கட்சித் தலைவர் டி.எம். நாயர் லண்டனிலேயே காலமாகிவிட்ட பயணம் அது. பிறகு 'ஜஸ்டிஸ்' ஏட்டின் ஆசிரியர், சென்னை மேயர், வைஸ்ராய் நிர்வாக சபை உறுப்பினர். போர்க்காலத்தில் சர்ச்சிலின் போர் அமைச்சரவையில் இந்தியாவின் பிரதிநிதி. 1945-ல் சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் உருவானபோது பொருளாதார சமூக ஒத்துழைப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1946 ஜனவரியில் அந்த மன்றத்தின் முதல் தலைவரானார். உலக சுகாதார நிறுவனம் பிறந்த நியூயார்க் மாநாட்டைக் கூட்ட முடிவெடுத்தது அவர் தலைமையிலிருந்த மன்றம்தான். பின்னாளில் அந்த நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கு இலட்சுமணசாமி தலைவரானார்.

இவ்வளவு பெரிய உலக அனுபவத்தோடு மைசூர் திவானாக வந்தவருக்கு, சொந்த வாசலில் நின்ற மக்கள் கேட்டது கேட்கவில்லை. மைசூர் ஒன்றியத்தில் சேர்ந்துவிட்டது. ஆனால் உள்ளே பொறுப்பாட்சி வரவில்லை. 1947 செப்டம்பரில் 'மைசூர் சலோ' கிளர்ச்சி வெடித்தது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 'ஆற்காடு' என்ற ஊர்ப்பெயருக்கு எதுகையாக 'பாய்காட்' என்று சேர்த்துக் கத்தினார்கள். அக்டோபரில் அரண்மனை இறங்கி வந்தது. கே.சி. ரெட்டி முதலமைச்சரானார். ஆற்காட்டார் சி.பி.யைப் போல முறித்துக்கொள்ளவில்லை. வளைந்துகொடுத்து 1949 வரை திவானாகவே நீடித்தார்.

திவானாக இருந்தபோதே டெல்லிக்கும் அவர் தேவைப்பட்டார். 1948 செப்டம்பரில் ஐதராபாத் நிஜாம் தன் வழக்கை ஐ.நா. பாதுகாப்பு சபைக்குக் கொண்டுபோனபோது, பாரிசில் இந்தியாவுக்காக எழுந்து பேசியவர் ராமசாமி முதலியார். ஒரு சமஸ்தானத்தின் திவான், இன்னொரு சமஸ்தானத்தின் தனி நாட்டுக் கனவுக்கு எதிராக உலக அரங்கில் வாதாடினார். ஒரு காலத்தில் காங்கிரசைக் கடுமையாக எதிர்த்த நீதிக்கட்சிக்காரரை நேரு அரசு நம்பி அனுப்பியது என்பது இருவருக்குமே பெருமை.

கோட்டைக்கு வந்த விவசாயி

இப்போது நான்காமவர். உள்ளபடி சொன்னால், இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியவரே இவர்தான்.

திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் 1895-ல் பிறந்த விவசாயி. காங்கிரஸ் தொண்டர். ரமண மகரிஷியிடமும் வள்ளலார் நெறியிலும் தோய்ந்தவர். ஆங்கிலத்தில் அடுக்கிப் பேசும் மேடைத் திறமையோ, சி.பி.க்கும் ஆற்காட்டாருக்கும் இருந்த 'சர்' பட்டமோ அவரிடம் இல்லை. தங்குதூரி பிரகாசத்தின் ஆட்சியைக் காங்கிரஸ் உறுப்பினர்களே கவிழ்த்த பிறகு, காமராஜரின் ஆதரவோடு இவரைத் தேடிப் பிடித்து உட்கார வைத்தார்கள். பதவியேற்க அவருக்கு மனமில்லை. ரமணரிடம் போய்க் கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார். பதவியில் இருந்தது 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் வரை. இரண்டு ஆண்டும் சில நாட்களும்.

அந்த இரண்டு ஆண்டில் நடந்தவற்றைப் பாருங்கள். மாகாணம் முழுவதும் எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிடும் ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-ல் வந்தது. 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்றபோது ராஜாஜி அரசு கொண்டுவந்த சட்டம், அதில் ஈடுபட்டவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. உரிமையாக்கியது இந்தச் சட்டம். பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடைசெய்யும் சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இருபது ஆண்டுகள் கையில் ஏந்தி நடந்த கோரிக்கை அது. 1948-ல் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம். அதே ஆண்டு காந்தி பிறந்த நாளில் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. கோயில் சொத்துகளை ஒழுங்குபடுத்தும் பெரிய சட்டத்துக்கு வித்திட்டதும் இவர் காலத்தில்தான். அது 1951-ல் நிறைவேறி, அறநிலையத்துறை இன்றைக்கு நாம் காணும் வடிவத்துக்கு வந்தது. 1949 மார்ச்சில் பாரதியின் படைப்புகள் மக்கள் சொத்தாகும் என்று அறிவித்ததும் இவருடைய அரசே. தன்னிடமிருந்த உரிமையைக் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார் ஏ.வி. மெய்யப்ப செட்டியார்.

இத்தனைக்கும் மேலே ஒன்று இருக்கிறது. 1947 நவம்பரில் வெளியான வகுப்புவாரி ஆணை.

பதினான்கு இடங்களின் கணக்கு

அரசு வேலைகளைச் சமூகங்களுக்குப் பங்கிடும் ஆணை மதராஸ் மாகாணத்துக்குப் புதிதல்ல. 1920களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டில் பன்னிரண்டு வேலைகளில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. அதில் ஒரு பெரிய ஓட்டை. பிராமணரல்லாதார் என்ற ஒரே தொகுப்புக்குள் நிலமும் படிப்பும் உள்ளவரும் இருந்தார்கள், எதுவுமில்லாதவரும் இருந்தார்கள். பந்தியில் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கே இலை நிறைந்தது.

ஓமந்தூரார் அரசு அந்தத் தொகுப்பைப் பிரித்தது. இனி பதினான்கு இடங்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியே 2, பிராமணருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவு தனக்கென ஓர் எண்ணோடு ஆணையில் இடம்பிடித்தது அப்போதுதான். மாகாணத்தின் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களும் இந்தக் கணக்கில்தான் நிரப்பப்பட்டன.

ஆத்திரப்பட்டவர்கள் அவரைத் 'தாடி இல்லாத ராமசாமி நாயக்கர்' என்று தூற்றினார்களாம். இது அந்தக் காலத்திலிருந்து இன்று வரை வாய்மொழியாக வந்துகொண்டிருக்கிறது. வசையாகச் சொன்னதுதான். ஆனால் நான்கு ராமசாமிகளின் கதையில் இதைவிடப் பொருள் பொதிந்த பட்டம் இன்னொன்று இல்லை. நெற்றியில் திருநீறு பூசிய காங்கிரஸ்காரர் ஒருவரிடம், கடவுளை மறுத்த பெரியாரின் சாயலைக் கண்டுகொண்டவர்கள் அவருடைய எதிரிகள்தான்.

இந்தக் கோரிக்கை எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனால் மற்ற ராமசாமிகள் வரிசையாக எதிர்ப்படுகிறார்கள். 1919-ல் லண்டனில் இதற்காகச் சாட்சி சொன்ன குழுவில் இருந்தவர் ஆற்காட்டார். 1925-ல் காஞ்சிபுரம் மாநாட்டில் தன் வகுப்புவாரித் தீர்மானத்தைக் காங்கிரஸ் ஏற்க மறுத்ததால் அதை விட்டு வெளியேறியவர் பெரியார். எந்தத் தீர்மானத்தைக் காங்கிரஸ் ஏற்காததால் பெரியார் வெளியே போனாரோ, அதே காங்கிரசின் ஆட்சி இருபத்திரண்டு ஆண்டுகளில் அதை இன்னும் நுட்பமாக்கி அரசாணையாக வெளியிட்டது.

1950-ல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் கல்லூரி இடங்களுக்கான அந்த ஆணை அரசமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தன. செண்பகம் துரைராஜன் வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் மனப்பாடம் செய்வது அதைத்தான். பெரியார் தெருவில் இறங்கினார். தமிழகமே கொதித்தது. அதன் விளைவாக 1951-ல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் அதிகாரம் 15-ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவாகச் சேர்ந்தது. நாடு முழுவதும் பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் கல்லூரியில் பெறும் இடத்துக்கு வேர் அதுதான். ஓமந்தூரார் போட்ட ஆணை இல்லையென்றால் வழக்கு இல்லை, வழக்கு இல்லையென்றால் அந்தத் திருத்தமும் அப்போது வந்திருக்காது.

ராமசாமிக்கு எதிராக ராமசாமி

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெரியாரும் ஓமந்தூராரும் கைகோத்து நடந்ததாக நினைத்துவிடக் கூடாது. 1948 மார்ச்சில் பெரியாரின் கருஞ்சட்டைப் படையைத் தடைசெய்தது ஓமந்தூரார் அரசு. அதே ஆண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும் அந்த அரசுதான். 1938-ல் ராஜாஜிக்கு எதிராக நடந்த இந்தி எதிர்ப்புப் போர் மறுபடி மூண்டது. பெரியாரும் அண்ணாவும் சேர்ந்து நின்ற கடைசிப் பெரிய களங்களில் அது ஒன்று. கோட்டையில் ஒரு ராமசாமி, தெருவில் ஒரு ராமசாமி. வகுப்புரிமையில் ஒத்துப்போனவர்கள் மொழியில் மோதினார்கள்.

இந்தி விஷயத்தில் ஓமந்தூரார் தவறு செய்தார் என்பதே என் கருத்து. கருஞ்சட்டைத் தடையும் தேவையற்ற பயம். ஆனால் ஓர் ஆட்சியை ஒரு தவறை வைத்துத் தள்ளிவிட முடியாது. அவரைக் கவிழ்த்தது அவருடைய தவறுகளும் அல்ல. சிபாரிசுக்கு வந்த சொந்தக் கட்சி உறுப்பினர்களை அவர் கிட்டே சேர்க்கவில்லை. கண்டிப்பான மனிதர் தங்களுக்கு வேண்டாம் என்று கட்சிக்காரர்களே முடிவு செய்தார்கள். 1949 ஏப்ரலில் பி.எஸ். குமாரசாமி ராஜா வந்தார். ஓமந்தூரார் வடலூருக்குப் போய், வள்ளலார் பெயரில் பள்ளியும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லமும் நடத்தினார். அரசியல் பக்கம் திரும்பி அதிகாரம் தேடவில்லை.

மற்றவர்களின் பிற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சி.பி. அண்ணாமலை, காசி இந்துப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராக இருந்தார். 1960-ல் மத்திய அரசு அமைத்த இந்து அறநிலைய ஆணையத்துக்கும் தலைமை தாங்கினார். 1966-ல் லண்டனில் இறந்தார். ஆற்காட்டார், சி.பி. முதல் துணைவேந்தராக இருந்த திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தாமும் துணைவேந்தரானார். 1955-ல் தொடங்கிய ஐ.சி.ஐ.சி.ஐ.யின் முதல் தலைவரும் அவர்தான். 1976-ல் மறைந்தார். ஓமந்தூரார் 1970-ல், பெரியார் 1973 டிசம்பர் 24-ல். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் உரிமைக்கான போராட்டத்தைக் கடைசி மூச்சு வரை விடாமல் பேசிக்கொண்டே போனார் பெரியார். வைக்கத்துத் தெருவில் அவர் தொடங்கியது கருவறை வாசலில் வந்து நின்றது.

யாருக்கு என்ன கொடுத்தோம்

பெரியாருக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது. அது அவருக்கு உரியது. சி.பி.யைக் கேரளம் இன்றும் கோபத்தோடாவது நினைக்கிறது. ஆற்காட்டாரைச் சர்வதேச வரலாறு எழுதுபவர்கள் தேடி எடுக்கிறார்கள். ஓமந்தூரார் பெயரைச் சென்னையில் ஓர் அரசினர் தோட்டமும் அங்கே எழுந்த பல்நோக்கு மருத்துவமனையும் தாங்கி நிற்கின்றன. அந்த மருத்துவமனைக்குப் போய்வரும் பல்லாயிரம் பேரில், அது ஒரு முதலமைச்சரின் பெயர் என்று அறிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

என் தீர்ப்பு இது. தெற்கின் நவீன வரலாற்றில் கோயில் கதவு ஒரு நீண்ட கதை, வகுப்புரிமை இன்னொரு நீண்ட கதை. முதலாவதில் பெரியாரும் சி.பி.யும் இருக்கிறார்கள், இரண்டாவதில் ஆற்காட்டாரும் பெரியாரும் இருக்கிறார்கள். இரண்டும் மதராஸ் மாகாணத்தில் சட்டமாகவும் ஆணையாகவும் கையெழுத்தானது ஓமந்தூராரின் ஆட்சியில். போராடியவரைக் கொண்டாடுவது சரி. போராட்டத்தின் கோரிக்கையை மேசைக்கு எடுத்துக்கொண்டு, பதவி போனாலும் பரவாயில்லை என்று ஆணையிட்டவரையும் கொண்டாட வேண்டும்.

தமிழ்நாடு அரசுக்கு ஒரு வேண்டுகோள். 1947 முதல் 1949 வரையிலான மதராஸ் சட்டசபை விவாதங்களில் ஆலயப் பிரவேசம், பொட்டுக்கட்டு ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு பற்றிய பகுதிகளையாவது தமிழில் தொகுத்து, மாணவர்கள் வாங்கக்கூடிய விலையில் வெளியிடுங்கள். அவற்றோடு வகுப்புவாரி ஆணையின் முழு வாசகத்தையும் சேருங்கள்.